பிரிந்து நிற்க மறுத்தவர்கள்

கோதுமையும் களையும் ஒரே வயலில் வளர்ந்த உவமையை நாம் ஆலயத்தில் பலமுறை கேட்டிருக்கிறோம். களையைப் பிடுங்கி எறியலாமா என்று கேட்கும் பணியாளரை வயலின் உரிமையாளர் தடுத்துவிடுகிறார். அறுவடைக் காலம் வரை இரண்டும் சேர்ந்தே வளரட்டும் என்பது அவர் கட்டளை. இன்னது பயிர், இன்னது களை என்று பிரிக்கும் உரிமையை அவர் பணியாளருக்குக் கொடுக்கவில்லை. கேட்பதற்கு எளிய உவமைதான். ஆயினும் இதனை மறந்த ஒரு கிறித்தவ நாடு எத்தகைய படுகுழியில் வீழ்ந்தது என்பதற்கு நாம் வாழும் காலமே சாட்சி.

அந்நாடு ருவாண்டா. நடு ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ 26,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிறு நாடு. ஆயிரம் குன்றுகளின் நாடு என்று அதனை அழைப்பர். அங்கே 1994ஆம் ஆண்டு நூறு நாட்களுக்குள் 8 லட்சத்திற்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 10 லட்சத்திற்கும் மேல் என்கிறது அந்நாட்டு அரசின் கணக்கு. இறந்தவருள் மிகப் பெரும்பாலோர் டுட்சி இனத்தவர். அவர்களைக் கொல்ல மறுத்த ஹூட்டு இனத்தவரும் அவர்களோடு மடிந்தனர். அன்று நாட்டு மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் கத்தோலிக்கர். கொலைக்கு அழைத்தவர்கள் பேசியதோ உழவரின் மொழி. புதர் வெட்டுதல் என்றும் களை பிடுங்குதல் என்றுமே மனிதரைக் கொல்வதைக் குறிப்பிட்டனர்.

அந்தப் பேரழிவிலிருந்து மீண்டெழும் நாட்டிற்குப் பல தேசங்களிலிருந்தும் தன்னார்வத் தொண்டர் சென்று வருகின்றனர். கற்பிக்கவும், நோயுற்றோரைப் பேணவும், வீடு கட்டித் தரவும் செல்லும் அவர்கள், அக்குன்றுகளின் வரலாற்றை முதலில் மாணவராக அமர்ந்து கற்க வேண்டியுள்ளது. அவர்கள் செல்லும் சாலைகளில் நாமும் மனத்தளவில் ஒரு பயணம் மேற்கொள்வோம். புறப்படுமுன் வேர்களைச் சற்று அறிந்துகொள்வது நலம்.

வேர்கள்

ஹூட்டு, டுட்சி, துவா எனும் மூன்று பிரிவினரும் ஒரே மொழி பேசினர். ஒரே அரசருக்குக் கீழ் வாழ்ந்தனர். ஒரே குன்றில் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருந்தனர். மாடு மேய்த்தவருள் டுட்சிகளும், நிலம் உழுதவருள் ஹூட்டுகளும் மிகுதி. துவா மக்கள் தொகையில் மிகக் குறைந்தவர்கள். மந்தை பெருகிய ஹூட்டு காலப்போக்கில் டுட்சியாகக் கருதப்படுவதும், அனைத்தும் இழந்த டுட்சி ஹூட்டாவதும் உண்டு. இருவர்க்குமிடையே திருமணங்களும் நடந்தன. இதனால் அக்காலம் குறையற்ற பொற்காலம் என்று எண்ணிவிடலாகாது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அரசவையின் பிடி இறுகி, உழவர்மீது கட்டாய உழைப்பு சுமத்தப்பட்டிருந்தது. எனினும் அன்றைய வேற்றுமை தாண்ட முடியாத மதிலாக இருக்கவில்லை.

மதிலை எழுப்பியது ஐரோப்பிய ஆட்சி. முதலில் ஜெர்மானியர் வந்தனர். 1916இல் பெல்ஜியர் கைப்பற்றினர். டுட்சிகள் வடக்கிலிருந்து வந்த மேலான இனத்தவர், ஆளப் பிறந்தவர் என்றும், ஹூட்டுகள் உழைக்கப் பிறந்தவர் என்றும் அன்றைய ஐரோப்பிய அறிஞர் கட்டிய இனக் கோட்பாடு, ஆட்சியாளரின் கொள்கையாயிற்று. பெல்ஜிய அரசு 1933-34இல் மக்கள்தொகைக் கணக்கெடுத்து, ஒவ்வொருவருக்கும் இனம் குறித்த அடையாள அட்டை வழங்கிற்று. தந்தையின் இனமே பிள்ளையின் இனம் என்றாயிற்று. வாழ்க்கைப் போக்கில் மாறி வந்த ஒன்று, தாளில் எழுதப்பட்டபின் மாறாததாகிவிட்டது. அறுபது ஆண்டுகளுக்குப்பின் சாலைத் தடைகளில் நின்ற கொலைஞர் முதலில் கேட்டது இந்த அட்டையைத்தான்.

இதில் திருச்சபையின் பங்கை மறைத்தல் முறையன்று. ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையின் வெண்ணங்கித் தந்தையர் 1900ஆம் ஆண்டு சாவே என்னுமிடத்தில் முதல் பணித்தளத்தை நிறுவினர். கல்வியும் மருத்துவமும் அவர்களால் வளர்ந்தன. ஆயினும் டுட்சித் தலைவர்களை அகற்றினால் நாடு சீர்குலையும் என்று 1930இல் ஆட்சியாளருக்கு எழுதியவர் ஆயர் லெயோன் கிளாஸ். மறைபரப்புப் பள்ளிகளும் அரசுப் பணிக்கான கல்வியில் டுட்சி இளைஞருக்கே முன்னிடம் தந்தன. திருமுழுக்குப் பெற மறுத்த அரசர் முசிங்காவை 1931இல் பெல்ஜியர் நீக்கி, அவர் மகன் ருதஹிக்வாவை அரியணையில் அமர்த்தினர். மக்கள் கூட்டங்கூட்டமாகத் திருமுழுக்குக்கு வந்தனர். மறைபரப்பாளர் இதனைச் சூறாவளி என்றே அழைத்தனர். 1943இல் அரசரும் திருமுழுக்குப் பெற்றார். 1946இல் நாடு கிறிஸ்து அரசருக்கு ஒப்புக்கொடுக்கப்பட்டது. தலையில் தண்ணீர் ஊற்றப்பட்டது உண்மை. உள்ளத்துள் எவ்வளவு இறங்கிற்று என்பதைப் பின்னர் வந்த ஆண்டுகள் காட்டின.

1950களில் காற்றுத் திசை மாறிற்று. விடுதலை கோரத் தொடங்கிய டுட்சித் தலைவர்களிடமிருந்து பெல்ஜிய ஆட்சி விலகி, ஹூட்டுகளின் பக்கம் சாய்ந்தது. மறைபரப்பாளரிலும் பலர் ஒடுக்கப்பட்ட ஹூட்டுகளுக்காகப் பேசினர். ஆயர் ஆந்த்ரே பெரோதென் 1959 பிப்ரவரியில் வெளியிட்ட தவக்கால மடல் அன்பையும் நீதியையும் வலியுறுத்திற்று. ஆனால் சமூக ஏற்றத்தாழ்வை இன வேற்றுமையோடு இணைத்தும் பேசிற்று. அதன் விளைவு பற்றி வரலாற்றாசிரியர் இன்றும் வாதிடுகின்றனர். அதே ஆண்டு நவம்பரில் கலவரம் மூண்டு, அடுத்துவந்த ஆண்டுகளில் பெருந்தொகையான டுட்சிகள் அகதிகளாக வெளியேறினர். 1962 ஜூலை 1 அன்று நாடு விடுதலை பெற்றது. ஆள்வோர் மாறினர், அடையாள அட்டை மாறவில்லை.

நூறு நாட்கள்

அகதிகளின் பிள்ளைகள் அண்டை நாடான உகாண்டாவில் வளர்ந்து, ருவாண்டா தேசப்பற்று முன்னணியாகத் திரண்டு, 1990 அக்டோபர் 1 அன்று படையெடுத்தனர். உள்நாட்டுப் போர் தொடங்கிற்று. 1993 ஆகஸ்டில் அருஷா நகரில் அமைதி உடன்பாடு கையெழுத்தாயிற்று. அமைதியை விரும்பாதோர் அதற்குள் வானொலி வழியே வெறுப்பை விதைக்கவும், இளைஞரைக் கொலைப் படைகளாகப் பயிற்றவும் தொடங்கியிருந்தனர்.

1994ஆம் ஆண்டின் பாஸ்கா ஞாயிறு ஏப்ரல் 3. அதற்கடுத்த புதன் இரவு, குடியரசுத் தலைவர் ஹபியாரிமானா சென்ற விமானம் கிகாலியில் சுட்டு வீழ்த்தப்பட்டது. சுட்டவர் யார் என்பது இன்றும் வாதத்திற்குரியது. ஏப்ரல் 7 காலை கொலைகள் தொடங்கின. தலைநகரில் தெருவோரச் சிறுவருக்கு உணவளித்து வந்த சிப்ரியன் ருகாம்பா, தாஃப்ரோசா தம்பதியர், தம் பிள்ளைகள் அறுவரோடு அன்று காலையிலேயே கொல்லப்பட்டனர். அவர்களை முத்திப்பேறு பெற்றோராக அறிவிப்பதற்கான விசாரணை 2015இல் தொடங்கப்பட்டது.

ஏப்ரல் 10 அன்று உரோமையில் ஆப்பிரிக்காவுக்கான முதல் ஆயர் மாமன்றம் கூடிற்று. அம்மாமன்றம் நடந்த நாட்களிலேயே ஆப்பிரிக்காவின் கத்தோலிக்க நாடு ஒன்றில் ஆலயங்கள் கொலைக்களங்களாகிக் கொண்டிருந்தன. முந்தைய கலவரங்களில் ஆலயத்திற்குள் புகுந்தோர் உயிர் தப்பியதுண்டு. அந்நம்பிக்கையோடு மக்கள் இம்முறையும் ஆலயங்களுக்கு ஓடினர். கொலைஞருக்கு அது வசதியாயிற்று. உலகமோ பின்வாங்கிற்று. அங்கிருந்த தன் அமைதிப் படையை ஐக்கிய நாடுகள் அவை ஏப்ரல் 21 அன்று ஏறத்தாழ 270 பேராகக் குறைக்கத் தீர்மானித்தது. மே 15 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இதனை இனப்படுகொலை என்றே குறிப்பிட்டு, கத்தோலிக்கரும் இதற்குப் பொறுப்பாளிகள் என்று வருந்தினார். ஜூலையில் முன்னணிப் படை நாட்டைக் கைப்பற்றிய பின்னரே கொலைகள் நின்றன.

நியாமட்டா: ஒரு தொலைபேசி அழைப்பு

இனி நம் பயணம். கிகாலியில் இறங்குவோர் முதலில் செல்லுமிடம் கிசோசிக் குன்றிலுள்ள நினைவகம். இரண்டரை லட்சம் பேரின் உடல் எச்சங்கள் அங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளன. அங்கிருந்து தெற்கே ஒரு மணி நேரப் பயணத்தில் நியாமட்டா ஆலயம். அங்கு இப்போது திருப்பலி நிறைவேற்றப்படுவதில்லை. தகரக் கூரையில் துளைகள். இருக்கைகளின்மேல் இறந்தோரின் ஆடைகள். பீடத்தின் துணியில் கறை. 2023இல் உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்கப்பட்ட நான்கு ருவாண்டா நினைவிடங்களுள் இதுவும் ஒன்று.

அவ்வாலயத்தின் அருகே ஓர் இத்தாலியப் பெண்மணியின் கல்லறை உள்ளது. அவர் பெயர் அந்தோனியா லொக்காத்தெல்லி. பல ஆண்டுகள் நியாமட்டாவில் தொண்டாற்றியவர். 1992 மார்ச்சில் அப்பகுதி டுட்சிகள்மீது தாக்குதல் நடந்தபோது, மக்கள் தாமாகவே சினந்தெழுந்தனர் என்று கூறப்பட்டது. லொக்காத்தெல்லி அந்த ஊரையும் மக்களையும் அறிந்தவர். கொலைஞர் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டோர் என்று கண்டார். தொலைபேசியில் வெளிநாட்டு வானொலிகளை அழைத்து உண்மையைச் சொன்னார். மார்ச் 10ஆம் நாள் விடியுமுன் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இரண்டாண்டுகளுக்கு முன்னரே ஒலித்த எச்சரிக்கை அது. அவர் அன்றுவரை செய்த தொண்டு அனைத்தும் ஒருபுறமிருக்க, அந்த ஒரு தொலைபேசி அழைப்பே அவரை அம்மண்ணுக்கு உரியவராக்கிற்று. பிறருக்காகச் செல்லும் தொண்டர், கண்டதைக் கண்டபடி சொல்லும் சாட்சியாகவும் நிற்க வேண்டிய நேரம் வரலாம்.

கப்காயி: திருச்சபையின் காயம்

கிகாலிக்குத் திரும்பித் தென்மேற்கே சென்றால் கப்காயி. ருவாண்டாத் திருச்சபையின் தொட்டில் போன்ற இடம். இந்த மறைமாவட்டத்தின் ஆயர் ததேயு என்செங்கியும்வாவும் அவர்தம் குருக்களும் 1991 டிசம்பரில் வெளியிட்ட மடல், திருச்சபை நோயுற்றிருக்கிறது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு மனமாற்றத்திற்கு அழைத்தது. அதே காலத்தில் கிகாலிப் பேராயராயிருந்த வின்சென்ட் என்செங்கியும்வாவோ, முன்பு ஆளுங்கட்சியின் மையக்குழுவில் பல ஆண்டுகள் உறுப்பினராக அமர்ந்திருந்தவர். பெயர் ஒன்றாயினும் இவர்கள் நின்ற இடம் வேறு. இருவரும், பியும்பா ஆயர் யோசேப்பு ருசிந்தானாவும், குருக்கள் பலரும், 1994 ஜூன் 5 அன்று முன்னணிப் படைவீரர் சிலரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அழிவைத் தடுத்த படையின் கையிலும் குருதி படிந்தது என்பதை வரலாறு மறைக்க முடியாது.

கப்காயி வளாகத்தில் அந்நாட்களில் பல்லாயிரவர் அடைக்கலம் புகுந்திருந்தனர். நாள்தோறும் சிலர் இழுத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர்; பலர் பசியாலும் நோயாலும் மடிந்தனர். அருகிலிருந்த கிவுமு பங்கில் பணியாற்றிய பிரான்சிஸ்கன் சபைத் தந்தை வியெகோஸ்லாவ் சூரிச் போஸ்னியாவிலிருந்து வந்த குரோவாசியர். வெளிநாட்டவர் பலரும் வெளியேறிய வேளையில் அவர் தங்கிவிட்டார். அகதிகளுக்கு உணவு கொண்டுவந்தார். டுட்சிகளைச் சரக்குந்துகளில் மறைத்து எல்லை கடத்தினார். கொலைகள் ஓய்ந்தபின் கைம்பெண்களுக்கும் அனாதைகளுக்கும் வீடு கட்டித் தருவதில் முனைந்தார். 1998 ஜனவரி 31 அன்று கிகாலியில் அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் உடல் கிவுமு ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளது.

நாட்டின் வடமேற்கே, கிவு ஏரிக்கரையிலுள்ள கிசெனி நகரில், ஃபெலிசித்தே நியித்தெகெக்கா எனும் ஹூட்டுப் பெண்மணி பொதுநிலைத் துணையாளராக மறைபணி ஆற்றி வந்தார். தம் இல்லத்தில் புகுந்த டுட்சிகளை இரவு நேரங்களில் எல்லை கடக்கச் செய்தார். படையில் உயர் அதிகாரியாயிருந்த அவர் சகோதரர், அவரை அங்கிருந்து வெளியேறுமாறு செய்தி அனுப்பினார். தம்மிடம் அடைக்கலம் புகுந்த 43 பேரை விட்டுத் தனியே பிழைக்க விரும்பவில்லை என்று அவர் பதில் எழுதினார். ஏப்ரல் 21 அன்று அம்மக்களோடு அவரும் கொல்லப்பட்டார். அவரது அடையாள அட்டை அவரைக் காப்பாற்றியிருக்கும். அதனைக் கேடயமாக ஏந்த அவர் மனம் ஒப்பவில்லை.

உதவி வழிதவறிய இடம்

தொண்டு செய்வோர் மறக்கலாகாத வேறோர் அத்தியாயமும் உண்டு. 1994 ஜூலையில், தோற்ற அரசின் தலைவர்களும் கொலைப் படையினரும், அவர்களுடன் அச்சமுற்ற ஹூட்டு மக்களும் அன்று சயீர் எனப்பட்ட கொங்கோ நாட்டுக்குள் புகுந்தனர். கோமா நகரைச் சுற்றி லட்சக்கணக்கானோர் குவிந்தனர். காலரா பரவிப் பல்லாயிரவர் மாண்டனர். அதனைத் தொலைக்காட்சியில் கண்ட உலகம் உருகிற்று. பொருளும் ஆட்களும் வந்து குவிந்தன. ஆனால் முகாம்களை நடத்தியவர்கள் அதே கொலைத் தலைவர்கள். உணவுப் பங்கீடு அவர்கள் கையில்; ஆயுதப் பயிற்சியும் அங்கேயே. பசித்தோருக்குச் சென்ற மாவு, கொலைஞருக்கு வலிமையாயிற்று. இதனைக் கண்டு, எல்லைகளற்ற மருத்துவர் அமைப்பின் பிரெஞ்சுக் கிளை 1994 நவம்பரில் முகாம்களை விட்டு வெளியேறியது. நோயாளியை விட்டு மருத்துவர் விலகுவதா என்று வேறு சிலர் தங்கினர். இரு தரப்பினரும் மனச்சான்றுக்குப் பணிந்தே முடிவெடுத்தனர். இரக்கம் மட்டும் போதாது, யார் யாரை ஆள்கின்றனர் என்ற அறிவும் வேண்டும் என்னும் கசப்பான பாடத்தைத் தொண்டுலகம் அங்கேதான் கற்றது.

வேலை என்னும் சொல்

கொலைஞர் தாம் செய்ததை 'வேலை' என்றே அழைத்தனர். காலையில் வேலைக்குப் புறப்பட்டு மாலையில் திரும்பினர். ஊர் மக்கள் கூடிச் செய்யும் பொதுப்பணிக்குக் கின்யருவாண்டா மொழியில் உமுகாண்டா என்று பெயர். முந்தைய அரசுகள் அதனைக் கட்டாய உழைப்பாக்கின. 1994இல் அது கொலைக்கு ஆள் திரட்டும் வழியாயிற்று. ஒரு நல்ல சொல்லுக்கு இதனினும் பெரிய இழிவு நேர முடியாது.

அச்சொல்லைத் தூக்கி எறியாமல் தூய்மைப்படுத்த முயன்றதே அந்நாட்டின் மீட்சியில் குறிப்பிடத்தக்க ஒன்று. ஒவ்வொரு மாதமும் இறுதிச் சனிக்கிழமை காலை நாடு முழுவதும் கடைகள் அடைக்கப்படுகின்றன. மக்கள் மண்வெட்டியோடு வந்து சாலை செப்பனிடுகின்றனர், மரம் நடுகின்றனர், ஏழைக்கு வீடு எழுப்புகின்றனர். அங்கு வாழும் வெளிநாட்டவரும் சேர்ந்துகொள்வதுண்டு. தொண்டு செய்ய வந்தவர், அன்றைய காலையில் அவ்வூராருள் ஒருவராகிவிடுகிறார். எனினும் இது சட்டத்தால் விதிக்கப்பட்ட கடமை. முழுமையான விருப்பப்பணி என்று சொல்வதற்கில்லை.

நீதியின் பாதை இன்னும் கடினமாயிருந்தது. ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் சிறையில் நெரிசலுற்றனர். வழக்கமான நீதிமன்றங்கள் விசாரித்திருந்தால் நூறாண்டும் போதாது. ஆகவே ஊர்ப் பெரியோர் புல்தரையில் கூடி வழக்குத் தீர்த்த பழைய மரபைத் தழுவி, கச்சாச்சா என்னும் ஊர் மன்றங்கள் ஏற்படுத்தப்பட்டன. 2012 ஜூன் மாதம் அவை நிறைவுற்றபோது ஏறத்தாழ 19 லட்சம் வழக்குகள் முடிந்திருந்தன. குற்றத்தை ஒப்புக்கொண்டோர் பலருக்குத் தண்டனை குறைந்தது. அவர்கள் வீடு கட்டியும் மலைச்சரிவில் படிநிலம் வெட்டியும் சமூகப்பணி செய்தனர். தம் உறவினர் எந்தக் குழியில் கிடக்கின்றனர் என்று பலர் அங்கேதான் அறிந்தனர். ஆனால் வழக்கறிஞர் துணையின்மை, பொய்ச்சாட்சி, முன்னணிப் படையினர் செய்த கொலைகள் அங்கு விசாரிக்கப்படாமை ஆகிய குறைகளும் சுட்டிக்காட்டப்பட்டன. அச்சமின்றி அரசைக் குறை கூறும் உரிமை அந்நாட்டில் இன்னும் தழைக்கவில்லை. அண்டை நாடான கொங்கோவில் அதன் படைத் தலையீடும் கண்டனத்திற்குள்ளாகியுள்ளது. மீட்சியைப் போற்றுவோர் இதனையும் சேர்த்தே கூறுதல் நேர்மை.

பெருங்குற்றவாளிகளை விசாரிக்க ஐக்கிய நாடுகள் அவை அருஷாவில் பன்னாட்டு நீதிமன்றம் அமைத்தது. 1998 செப்டம்பர் 2 அன்று, தபா ஊரின் முன்னாள் தலைவர் அக்கயேசு இனப்படுகொலைக் குற்றவாளி என்று அம்மன்றம் தீர்ப்பளித்தது. பன்னாட்டு நீதிமன்றம் ஒன்று இக்குற்றத்திற்கு வழங்கிய முதல் தீர்ப்பு அது. பெண்களைப் பாலியல் வன்முறைக்கு உட்படுத்தியதும் இனப்படுகொலையின் கூறு என்று அதில் முதன்முதலாக வரையறுக்கப்பட்டது. அத்தீர்ப்பு வழங்கிய மூவருள் ஒரே பெண் நீதிபதி நவநீதம் பிள்ளை, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் தமிழ்க் குடும்பத்தில் பேருந்து ஓட்டுநரின் மகளாகப் பிறந்தவர். நிறவெறி அரசு மனிதரைப் பிரித்து வைத்த நாட்டில் வளர்ந்தவர், பிரிவினையின் உச்சக் கொடுமைக்குத் தீர்ப்பெழுதினார்.

பீடத்திற்குத் திரும்பும் வழி

நீதிமன்றம் தண்டிக்கலாம், பக்கத்து வீட்டுக்காரரின் முகத்தில் மீண்டும் விழிக்கும் வலிமையை அது தராது. தென்மேற்கிலுள்ள முஷாக்கா பங்கில் தந்தை உபால்ட் ருகிரங்கோகா வேறொரு வழியைத் திறந்தார். தம் தாயையும், எண்பதுக்கு மேற்பட்ட உறவினரையும் இழந்தவர் அவர். தாயைக் கொன்றவன் சிறையிலிருந்து மன்னிப்புக் கேட்டபோது மன்னித்தார். அவன் பிள்ளைகளின் படிப்புக்கும் உதவினார். கொலை செய்தவர் சிறையிலிருந்து வந்து நற்கருணை வாங்க வரிசையில் நிற்பதைக் கண்டு, உயிர் தப்பியோர் மனம் கொதித்தனர். ஆகவே குற்றம் புரிந்தோர் ஏறத்தாழ ஆறு மாதம் தனி மறைக்கல்வி பெற்று, பாதிக்கப்பட்டோரை நேரில் கண்டு மன்னிப்புக் கேட்டு, அதன் பின்னரே பங்குச் சமூகத்தின்முன் நற்கருணைக்கு மீண்டும் ஏற்கப்படும் முறையை அவர் ஏற்படுத்தினார். தொடக்கத் திருச்சபையின் பொதுத் தவமுறையை இது நமக்கு நினைவூட்டுகிறது. மன்னிப்பு மலிவானதன்று என்பதையும் கற்பிக்கிறது. தந்தை உபால்ட் 2021 ஜனவரியில் இறைவனடி சேர்ந்தார்.

தனிமனிதரிடம் எதிர்பார்த்த அறிக்கையைத் திருச்சபையும் ஒருநாள் செய்ய வேண்டியிருந்தது. 2016 நவம்பர் 20 அன்று, இரக்கத்தின் யூபிலி ஆண்டு நிறைவுற்ற ஞாயிறன்று, திருச்சபையின் மக்கள் புரிந்த குற்றங்களுக்காக மன்னிப்பு வேண்டும் ருவாண்டா ஆயர்களின் அறிக்கை ஆலயங்களில் வாசிக்கப்பட்டது. 2017 மார்ச் 20 அன்று திருத்தந்தை பிரான்சிஸ், ருவாண்டாக் குடியரசுத் தலைவரைச் சந்தித்தபோது, குருக்களும் துறவியரும் உள்ளிட்ட திருச்சபையினரின் பாவங்களுக்காக இறைவனிடம் மன்னிப்பு இறைஞ்சினார். இருபது ஆண்டுகளுக்கு மேல் தாமதமானது என்று சிலர் குறை கூறினர். தாமதந்தான். ஆயினும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்ட எவரும் அறிவர்: முதல் சொல் வெளிவரும் வரைதான் பாரம்.

நியாங்கே: ஒரே குன்று, இரு நாட்கள்

நம் பயணத்தின் இறுதி நிலை நியாங்கே. கப்காயிக்கு அருகிலுள்ள முஹாங்காவிலிருந்து மேற்கே கிவு ஏரி நோக்கிச் செல்லும் மலைச்சாலையில் உள்ள பங்கு. 1994 ஏப்ரலில் ஏறத்தாழ 2,000 டுட்சிகள் அங்கு ஆலயத்தில் தஞ்சம் புகுந்தனர். ஏப்ரல் 16 அன்று மண்வாரி இயந்திரம் கொண்டு ஆலயமே அவர்கள்மீது இடித்துத் தள்ளப்பட்டது. அப்பங்கின் பொறுப்பில் அன்றிருந்த குரு அத்தனாஸ் செரொம்பா இதற்கு உடந்தையாயிருந்தார் என்று அருஷா நீதிமன்றம் கண்டது. 2006இல் விதிக்கப்பட்ட 15 ஆண்டுச் சிறைத்தண்டனை, 2008 மேல்முறையீட்டில் ஆயுள் தண்டனையாக உயர்த்தப்பட்டது. ஆட்டிடையன் பட்டியின் மதிலையே ஆடுகள்மீது சாய்த்த கொடுமையை எந்தச் சொல்லால் எழுதுவது!

அதே நியாங்கேயில் ஒரு மேல்நிலைப் பள்ளி உண்டு. மூன்றாண்டுகள் உருண்டோடின. 1997 மார்ச் 18, தவக்கால இரவு. உணவு முடித்து மாணவர் வகுப்பறைகளில் அமர்ந்து படித்துக் கொண்டிருந்தனர். எல்லை தாண்டி ஊடுருவிய பழைய கொலைப் படையினர் ஆயுதங்களோடு உள்ளே நுழைந்தனர். ஹூட்டுகள் ஒரு பக்கம், டுட்சிகள் ஒரு பக்கம் பிரிந்து நிற்குமாறு கட்டளையிட்டனர். பிரிந்திருந்தால் ஹூட்டு மாணவர் பிழைத்திருப்பர். மாணவர் அசையவில்லை. இங்கு ஹூட்டும் இல்லை, டுட்சியும் இல்லை, நாங்கள் அனைவரும் ருவாண்டர்கள் என்பதே அவர்கள் பதிலாயிருந்தது. துப்பாக்கிகள் வெடித்தன, கைக்குண்டுகள் வீசப்பட்டன. ஆறு மாணவர் அவ்விரவில் இறந்தனர், பலர் காயமுற்றனர். அம்மாணவர்களும் ஃபெலிசித்தே நியித்தெகெக்காவும் இன்று அந்நாட்டின் வீரர் வரிசையில் ஒன்றாக வைத்துப் போற்றப்படுகின்றனர்.

அப்பிள்ளைகள் யார்? இனப்படுகொலையைச் சிறுவயதில் கண்ணால் கண்டவர்கள். அவ்வறையில் பெற்றோரை இழந்தவர் இருந்திருக்கலாம்; கொன்றவரின் பிள்ளைகளும் இருந்திருக்கலாம். ஒருவரை ஒருவர் வெறுக்க அவர்களுக்குப் போதிய காரணம் இருந்தது. ஆயரும் குருவும் அறிஞரும் அரசும் அறுபது ஆண்டுகளாகச் செய்யத் தவறியதை, சில நொடிகளில் அவர்கள் செய்தனர். பிரிக்கும் உரிமை தங்களுக்கு இல்லை என்று அறிந்து, சேர்ந்தே நின்றனர்.

தொண்டு செய்ய அந்நாட்டிற்குச் செல்வோர் மருந்தும் நூலும் பொருளும் கொண்டுசெல்லட்டும், அவை தேவை. ஆனால் மீட்சியின் வித்து வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டதன்று என்பதை அவர்கள் நியாங்கேக் குன்றில் காண்பர். லொக்காத்தெல்லியும் தந்தை சூரிச்சும் அம்மக்களோடு சேர்ந்து நின்றனர். ஆபத்து வந்தபோது தம் வெளிநாட்டுக் கடவுச்சீட்டைக் காட்டி அவர்கள் விலகிவிடவில்லை. தொண்டு என்பதன் முழுப்பொருளும் அதில் அடங்கியுள்ளது.

நமக்கு அத்தகைய இரவு வராதிருப்பதாக! எனினும் பிரிந்து நில் என்னும் கட்டளை எப்போதும் துப்பாக்கியோடுதான் வரும் என்பதில்லை. ஆலயத்தில் யார் எங்கே அமர்வது, திருவிழாத் தேர் எந்தத் தெருவில் நுழைவது, கல்லறைத் தோட்டத்தில் யாரை எந்தப் பக்கம் அடக்கம் செய்வது என்ற வழக்கங்களாக அது மெல்லிய குரலிலும் வரும். அக்குரல் கேட்கும்போது நாம் எழுந்து நம் பக்கத்திற்குச் செல்கிறோமா, அல்லது அந்த மாணவரைப் போல் இருந்த இடத்திலேயே இருக்கிறோமா? விடையை அவரவர் தம் பங்கில் தேடட்டும்.